அறுபது சென்ட் ரொட்டி

பெல்மேர் தீவு
1980 ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பி ஒஸ்மண்டுக்கு,

அக்கா இஸ்மே எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மாவு பிசையும்போது வலது தோள் முணுமுணுக்கிறது. அதன் பேச்சை நான் கேட்பதில்லை. உன் இரத்த அழுத்தம் எப்படி? முரியல் இப்போதாவது உப்பைக் குறைத்துச் சமைக்கிறாளா?

புதன்கிழமைப் படகில் உன் கடிதம் வந்தது. ரொட்டி விலையை ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறாய். மாவு மூட்டையை நகரத்து வியாபாரிகள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். வாங்குகிறவள் நான். போன வருடம் சுதந்திரம் என்று புதுக் கொடியை ஏற்றினார்கள். அதோடு சேர்த்து மண்ணெண்ணெய், சர்க்கரை, டின்பால், உப்பு மீன் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். இந்தத் தீவில் ஏறாதது என் ரொட்டி ஒன்றுதான். ஒரு பவுண்டு ரொட்டி அறுபது சென்ட். குறைகிற காசுக்கு என் கோழிகள் இருக்கின்றன, புரூக்ளினிலிருந்து நம் தங்கை எட்னா அனுப்பும் பணம் இருக்கிறது. ஊர் தின்னட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். க்ளியோபாஸுக்கு எழுபத்தாறு ஆகிறது. படகு கட்டிய கை இப்போது கரண்டியைப் பிடிக்கவும் நடுங்குகிறது. மெர்ல் இரண்டு வேளையும் வந்து சமைத்து, துணி துவைத்துப் போகிறாள். அவள் கூலியைக் கூட்டிக் கேட்கிறாள். முதியோர் உதவித்தொகையில் அவரால் அதைக் கொடுக்க முடியாது. வருடத்தில் விலைவாசி பத்து விழுக்காடு ஏறினால் உதவித்தொகையும் தானாக ஏறும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள் அல்லவா? ஜனவரியிலும் ஜூலையிலும் பார்ப்பார்களாம். அந்த விலைவாசி எண்ணைப் போடுவதே உன் பிரிவுதானே. ஜனவரியில் பத்தைத் தாண்டுமா?

தாண்டாவிட்டால் மெர்ல் போய்விடுவாள். அவள் போனால் நல அதிகாரி அவரை உங்கள் நகரத்து ஏழைகள் விடுதிக்குப் படகேற்றிவிடுவார். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் படகைக் கட்டியவர் அவர். அதனால்தான் கேட்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா
இஸ்மே


போர்ட் அலெக்சி
1980 ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது. முரியல் உனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள், அடுத்த படகில் அனுப்புகிறோம்.

எண் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வருடம் முடிந்து கூட்டிப் பார்க்காமல் எனக்கே தெரியாது. பத்துக்கு அருகில்தான் இருக்கிறது என்பதைப் பத்திரிகையே எழுதிவிட்டது.

ரொட்டி விலை பற்றி எழுதியதை நீ தவறாக எடுத்துக்கொண்டாய். அடுப்புக்கு விறகு நீயே சுமக்கிறாய். தோள்வலி என்கிறாய். எத்தனை நாள் கோழி விற்று ஊருக்கு ரொட்டி போடுவாய்? இங்கே எல்லா அடுமனைகளும் ஏற்றிவிட்டன. நீ ஒரு டாலர் போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். யோசித்துப் பார்.

க்ளியோபாஸ் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
ஒஸ்மண்ட்


பெல்மேர்
1980 செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் முரியலும் நலமாக இருக்க வேண்டும். சட்டைத் துணி வந்தது. நிறம் எனக்கு ஒத்துவராது, ஆனாலும் தைத்துக்கொள்வேன்.

யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஊர் சொல்லும் குறைக்குப் பயந்து நான் எதையும் செய்ததில்லை, எதையும் விட்டதுமில்லை. இருபது வயதில் இந்தக் கல் அடுப்பை நானே வைத்துக் கட்டியபோது, இது முதல் மழைக்கே இடிந்துவிடும் என்றார்கள். எழுத்தை நான் மாவுப்பையிலிருந்தும், சோப்பு சுற்றி வந்த பழைய செய்தித்தாளிலிருந்தும் கற்றேன். கணக்கைக் கடையில் கற்றேன். எனவே எனக்குக் கணக்கு தெரியாது என்று நினைத்து எழுதாதே.

உங்கள் அரசாங்கத்து ஆளுக்கே நான் அறுபதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். விலைக் கட்டுப்பாட்டிலிருந்து மாதம் ஒருமுறை குடையும் எழுதுபலகையுமாக ஒருவர் வருகிறார். ஃபிட்ஸ்ராய் என்று பெயர். கூடுதல் விலைக்கு விற்றால் அபராதம் போடத்தான் வருகிறார் போலிருக்கிறது. போன வாரம் கடையில் கூட்டம் நிற்கும்போது வந்தார்.

“மிஸ் இஸ்மே, ரொட்டி இன்னைக்கு என்ன விலை?”

“போன மாசம் என்ன சொன்னேன்?”

“அறுபது.”

“அதுக்கு முந்தின மாசம்?”

“அறுபதுதான்.”

“அப்புறம் எதுக்குய்யா இந்த வெயில்ல படகேறி வந்து வாந்தி எடுக்கிறீங்க? அங்கேயே உக்காந்து அறுபதுன்னு எழுதிக்க வேண்டியதுதானே!”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். “நேர்ல கேட்டுத்தான் எழுதணும், ரூல் அது” என்றார். பிறகு ஒரு ரொட்டியை எடுத்துத் தராசில் வைத்தார். “குறைஞ்சா என் கையை வெட்டிக்குங்க” என்றேன். குறையவில்லை. நகரத்தில் எத்தனை கடைக்காரர்களுக்கு இவர் அபராதம் எழுதியிருப்பார்? இங்கே அவர் பேனாவுக்கு வேலையே இல்லை.

இனி இந்தப் பேச்சை எடுக்காதே.

உன் அக்கா
இஸ்மே


போர்ட் அலெக்சி
1980 அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் சுகம். உன் தோளுக்கு முரியல் தைலம் அனுப்பியிருக்கிறாள்.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். டிசம்பருக்குள் ரொட்டி விலையை ஏற்றிவிடு. ஒரு டாலர் வேண்டாம், தொண்ணூறு போதும். என் வாழ்நாளில் நான் உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் என்று மட்டும் கேட்காதே.

அன்புடன்
ஒஸ்மண்ட்


பெல்மேர்
1980 டிசம்பர் 1

ஒஸ்மண்டுக்கு,

நலம். தைலம் வந்தது. உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கடிதத்தைப் படித்தபோது காய்ச்சலில் எழுதினாயோ என்று தோன்றியது.

ஏன் என்று கேட்காதே என்கிறாய். நான் கேட்பேன். நகரத்து மாவு வியாபாரி எவனாவது உன் கழுத்தில் கை வைத்திருக்கிறானா? பெல்மேரில் ஒருத்தி அறுபதுக்கு விற்பது அவர்களுக்கு உறுத்துகிறதா? உத்தியோகத்தில் இருப்பவன் வியாபாரிக்காகத் தூது வரக் கூடாது. அப்பா இருந்திருந்தால் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்.

ஊரில் நிலைமை தெரியுமா உனக்கு? க்ளியோபாஸ் தினமும் அரை ரொட்டிதான் வாங்குகிறார். காலையில் பாதி, இரவில் பாதி. நேற்று முழு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தேன்.

“என்ன இது?”

“ரொட்டி. பாத்தா தெரியலையா?”

“நான் அரைதானே கேட்டேன்.”

“கத்தி மழுங்கிப் போச்சு. முழுசா எடுத்துட்டுப் போங்க.”

“அப்ப சாணை பிடிச்சு வை. நாளைக்கு வர்றேன்.”

ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் கத்தியைத் தேடி எடுத்து வெட்டித் தரும்வரை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு முப்பது சென்ட்டை எண்ணி வைத்தார். இந்த மனிதருக்கு இலவசமாக ஒரு துண்டு கொடுக்க முடியாது. இவரிடம் போய் அரை ரொட்டி நாற்பத்தைந்து என்று என்னைச் சொல்லச் சொல்கிறாய்.

முடியாது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இஸ்மே


பெல்மேர்
1981 ஜனவரி 20

ஒஸ்மண்டுக்கு,

கிறிஸ்துமஸுக்கு உன் கேக் வந்தது, கடிதம் வரவில்லை. நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நலமாக இல்லை.

வானொலியில் கேட்டேன். ஒன்பது புள்ளி ஏழு. பத்து இல்லை, அதனால் உதவித்தொகை ஏறாது. அவ்வளவுதான், அடுத்து கிரிக்கெட் செய்தி.

ஒன்பது புள்ளி ஏழா? மண்ணெண்ணெய் பாதிக்குப் பாதி ஏறியிருக்கிறது. அரிசியைக் கேள், சோப்பைக் கேள். எந்தக் கடையில் வாங்குகிறார்கள் உங்கள் ஆபீஸ்காரர்கள்? மறுநாள் கடையில் லியோன்டின் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “இஸ்மே, உன் தம்பி ஆபீஸ்ல கூட்டல் மெஷின் உடைஞ்சு போச்சா, இல்ல மந்திரிக்குப் பிடிச்ச எண்ணைப் போட்டுக் குடுத்தானா?” உனக்காக நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

மெர்ல் மூட்டை கட்டிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். என் இரண்டு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போய் அவள் முற்றத்தில் கட்டிவிட்டு வந்தேன். ஜூலை வரை இருப்பாள். க்ளியோபாஸுக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் அவரே அவளை அனுப்பிவிடுவார். ஜூலையிலும் உன் எண் பொய் சொன்னால் என்னிடம் கொடுக்க ஆடு இல்லை.

நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய்?

இஸ்மே


போர்ட் அலெக்சி
1981 பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன் கடைக்கு வரும் ஃபிட்ஸ்ராய் விலைக் கட்டுப்பாட்டு ஆள் இல்லை. அபராதம் போட அவருக்கு அதிகாரமே கிடையாது. அவர் எங்கள் ஆள். எண்ணைப் போடுவதற்காகக் கடை கடையாக விலை எழுதுகிறவர்.

இது மிகச் சின்ன நாடு, அக்கா. ரொட்டிக்கு நாங்கள் மூன்று அடுப்புகளைத்தான் பார்க்கிறோம். இரண்டு இங்கே நகரத்தில். வெளித்தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அது உன்னுடையது. மற்ற இரண்டும் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. உன்னுடையது அசையவில்லை. ஜனங்கள் அதிகம் தின்பது ரொட்டி என்பதால் எண்ணில் ரொட்டிக்குத்தான் எடை அதிகம். நீயும் மற்றவர்களைப் போல ஏற்றியிருந்தால் எண் பத்தைத் தாண்டியிருக்கும். பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

எந்தக் கடை பட்டியலில் இருக்கிறது என்று வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துதான் இந்த வேலைக்கு வந்தேன். கடைக்காரரிடம் சொல்லவே கூடாது. கடை இன்னும் அப்பாவின் பட்டப்பெயரில் இருப்பதால் நீ என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமே என்று நீ கேட்க மாட்டாய் என்று நம்புகிறேன். நீ வளர்த்த பையன் அதைச் செய்ய மாட்டான்.

உன்னைக் கெஞ்சினேன். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. இதைத் தீவில் ஒருவரிடமும் சொல்லாதே. தெரிந்தால் என் வேலை போய்விடும்.

ஒஸ்மண்ட்


பெல்மேர்
1981 ஏப்ரல் 13

தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

ஊர் தின்னட்டும் என்று விலையைப் பிடித்து வைத்தேன். நான் பிடித்து வைத்ததே ஊரின் வாயில் மண் போட்டது என்கிறாய். உன் கடிதத்தை எரிக்கும் முன் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் மார்ச் முதல் வாரம் பலகையைத் துடைத்து எழுதினேன்: ஒரு டாலர் இருபது. தொண்ணூறு போதும் என்றாய். போன வருடத்துக்கும் சேர்த்து ஏறட்டும் என்று நான்தான் கூட்டிப் போட்டேன்.

லியோன்டின் பலகையைப் பார்த்துவிட்டு, “என்னடி, சவப்பெட்டிக்குத் தங்கக் கைப்பிடி வாங்கப் போறியா?” என்றாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவள் வராததால் அந்தத் தெருவே வரவில்லை. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பேராசையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எல்லோரும் என் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு.

க்ளியோபாஸ் வந்தார்.

“அரை ரொட்டி அறுபதா?”

“ஆமா.”

“மாவு ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு.”

“மாவு போன வருஷமே ஏறிடுச்சே, இஸ்மே.”

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த காசை மறுபடி மூடிக்கொண்டார். கால் ரொட்டி வெட்டித் தரச் சொல்லவில்லை. நானும் வேண்டுமா என்று கேட்கவில்லை. இப்போது மெர்ல் அவருக்குச் சோளக்கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். பாதியை வைத்துவிடுகிறாராம்.

ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. மார்ச்சில் வராத ஃபிட்ஸ்ராய் போன வாரம் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. யார் வருகிறார்கள் இப்போது?

“ரொட்டி அறுபதுதானே?” என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார்.

“ஒரு டாலர் இருபது.”

“விளையாடாதீங்க, மிஸ் இஸ்மே.”

“விளையாட எனக்கு வயசாயிடுச்சு. நல்லா அழுத்தி எழுதுங்க. ஜூலை எண்ணுல இது ஏறி உக்காரணும். உதவித்தொகை ஏறுறதுக்குத்தான் ஏத்தியிருக்கேன்.”

“யார் சொன்னது உங்களுக்கு?”

“யார் சொல்லணும்? மூணு அடுப்புல இது ஒன்னு. உங்க ஆபீஸ் சமாசாரத்தை நான் உங்களுக்கே சொல்லணுமா?”

காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் நிறைய எழுதினார். ரொட்டியை எடை போடவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் பேனாவுக்கு நான் வேலை கொடுத்தேன்.

ஜூலை வரை தாங்குவேன். அதுவரை ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
இஸ்மே


போர்ட் அலெக்சி
1981 மே 15

அன்புள்ள அக்கா,

முரியலுக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை. எனக்கும் சுகம்தான்.

விலையை இறக்கிவிடு. பழையபடி அறுபதே போடு.

பட்டியலில் இருப்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் கடையின் விலை செல்லாது. எண்ணுக்காகவே ஏற்றிய விலை என்றால் எந்த நாளும் செல்லாது. ஃபிட்ஸ்ராய் நேர்மையானவர், நீ சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். உன் அடுப்பை மார்ச்சிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக இங்கே துறைமுகத் தெருவில் ஓர் அடுமனையைச் சேர்த்திருக்கிறார்கள். உன் ஒரு டாலர் இருபது எங்கேயும் ஏறவில்லை, அக்கா.

யார் சொன்னது என்று கேட்டார்கள். சொன்னேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஓய்வூதியம் உண்டா என்பது பிறகுதான் தெரியும். நான் ‘தீவில் ஒருவரிடமும்’ என்று எழுதினேன். அவரிடமும் சொல்லக் கூடாது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நாளையே இறக்கிவிடு. க்ளியோபாஸ் அண்ணன் திரும்பக் கடைக்கு வரட்டும்.

ஒஸ்மண்ட்


பெல்மேர்
1981 ஜூன் 8

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. முரியலிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம் நீ.

உன் கடிதம் வந்த அதே படகில் க்ளியோபாஸ் போய்விட்டார். மெர்ல் அனுப்பவில்லை, நல அதிகாரியும் அனுப்பவில்லை. அவரே அதிகாரியைக் கூப்பிட்டுவிட்டு, “என்னை அங்க கொண்டு போய் விட்டுடுங்க. இங்க இனி எனக்குக் கட்டுபடியாகாது” என்றாராம். லியோன்டின் ஓடி வந்து சொன்னாள். என்னோடு பேசுவதை நிறுத்தியவள், இதைச் சொல்ல மட்டும் வந்தாள். “சந்தோஷமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் துறைக்குப் போனபோது தபால் பையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்து அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

“ஜூலை வரைக்கும் பொறுங்க” என்றேன்.

“ஜூலைல என்ன?”

“பொறுங்கன்னா பொறுங்களேன்.”

“நீ எப்பவும் இப்படித்தான். பொறுன்னு சொல்லுவே, போன்னு சொல்லுவே. எதுக்குன்னு சொல்ல மாட்டே.”

என் நாக்கு வரை வந்துவிட்டது. உன் வேலை நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினார்கள். பலகையில் கால் வைக்கும்போது குனிந்து படகின் இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். மோசமான வேலை என்று முகம் சுளித்தார். அவ்வளவுதான். படகு திரும்பிய பிறகு தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். அங்கேயே நின்று படித்தேன்.

கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால், அல்லது அவர் அடுத்த படகில் போயிருந்தால், என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ யோசிக்காதே.

விலையை இறக்கவில்லை.

ஒரு காரியம் செய். உனக்கு இப்போது வேலையும் இல்லை, அதன் சத்தியமும் இல்லை. விடுதிக்குப் போ. நான் ஏன் ஏற்றினேன் என்று அவரிடம் சொல். மன்னிப்புக் கேட்காதே. காரணத்தை மட்டும் சொல்.

இஸ்மே


போர்ட் அலெக்சி
1981 ஜூலை 24

அன்புள்ள அக்கா,

நீ சாப்பிடுகிறாயா? மெர்லிடம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன், அவள் எழுதவில்லை. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. முரியல் தையல் எடுத்துச் செய்கிறாள். உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, இருந்தாலும் காட்ட மாட்டாள்.

வானொலியில் கேட்டிருப்பாய். பத்து புள்ளி மூன்று. உதவித்தொகை ஏறிவிட்டது. உன் அடுப்புக்குப் பதிலாகச் சேர்த்த துறைமுகத் தெரு அடுமனையும் விலை ஏற்றியிருக்கிறது. நீ அறுபதிலேயே பட்டியலில் இருந்திருந்தால் தாண்டியிருக்காது. இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இனிமேல் உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

விடுதியில் இருப்பவர்களின் உதவித்தொகை விடுதிக்கே போகும். க்ளியோபாஸ் அண்ணனுக்குப் புகையிலைக் காசு மட்டும் கொடுக்கிறார்கள். அது ஏறவில்லை.

போய்ப் பார்த்தேன். சுவரோரக் கட்டில். நீ சொன்னபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று அடுப்பு, எண், ஃபிட்ஸ்ராய் எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப எனக்காகவா ஏத்தினா?”

“ஆமாண்ணே.”

“அதுக்கு முன்னாடி அறுபதுலயே வச்சிருந்தாளே, அது?”

நீ அதைச் சொல்லச் சொல்லவில்லை.

“பொறுங்கன்னு மட்டும் சொன்னா,” என்றார். “எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். எனக்கு வேற என்ன வேலை?”

பெல்மேருக்கு நானே கூட்டிப் போகிறேன், கிளம்புங்கள் என்றேன். வீட்டை மெர்லுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவள் புருஷனோடு குடிவந்துவிட்டாளாம். “எந்த வீட்டுக்குடா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா, நான் பெல்மேருக்கே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். உனக்கும் துணையாக இருக்கும்.

ஒஸ்மண்ட்


பெல்மேர்
1981 ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். முரியலுக்கு என் அன்பைச் சொல். தையல் வேலை என்றால் கண்ணுக்கு நல்ல விளக்கு வாங்கிக் கொடு.

உதவித்தொகை இங்கே எல்லோருக்கும் ஏறி வந்துவிட்டது. தபால் நிலையத்தில் வரிசை நின்றது. பாதிரியார் அரசாங்கத்துக்காக நன்றி ஜெபம் செய்தார். அன்று மாலையே படகில் நகரத்து ரொட்டி வந்து இறங்கியது, பிளாஸ்டிக் பையில், ஏற்கெனவே வெட்டி வைத்தது. வாங்கிக்கொண்டு என் கடை வழியாகவே போனார்கள். லியோன்டின் பையை உயர்த்திக் காட்டிக்கொண்டு போனாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாராம். எழுதியிருக்கிறாய், படித்தேன். நாற்பது வருடம் நானும்தான் பொறுத்தேன், அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று. எத்தனை படகு கட்டித் தண்ணீரில் இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயர் வைத்தார். யார் யார் பெயரையோ வைத்தார். ஒன்றுக்காவது என் பெயரை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதில் நான் மட்டும் வாய் திறக்காதவள் என்று எழுதிவிடாதே.

அதற்கு முன்னால் ஏன் அறுபதிலேயே வைத்திருந்தேன் என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லாமல் வந்தது நல்லதுதான். நான் ஊருக்காக என்று உனக்கு எழுதினேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஊரில் மற்ற எல்லோராலும் தொண்ணூறு கொடுத்திருக்க முடியும். அதை நான் எப்போதும் அறிவேன்.

வருவதென்றால் வா. கட்டில் இருக்கிறது. துணை என்று சொல்லிக்கொண்டு வராதே, எனக்குத் துணை வேண்டியதில்லை. விறகு சுமக்கவும் ஆள் வேண்டாம். அடுப்பு மூட்டி ஒரு மாதமாகிறது. அதன் வாயில் கோழி அடைகாக்கிறது, கலைக்க மனம் இல்லை.

விலையை இறக்கு என்று மறுபடி எழுதாதே. பலகையில் ஒரு டாலர் இருபதுதான் இருக்கிறது. மழைச்சாரலில் அழிந்தால் திரும்ப எழுதி வைக்கிறேன். யாராவது கேட்டால் அதுதான் விலை. இனி அரை ரொட்டி கேட்க இங்கே ஆள் இல்லை.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் அக்கா
இஸ்மே